ஒழுங்கைக்குள் வந்த மிசின்

இஞ்சாருங்கோ,

உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதம் என்று எழுத உட்கார்ந்த பிறகும் வேறு பெயர் எதுவும் வாயில் வரவில்லை. சுகமாக இருக்கிறீர்களா? அங்கே உங்களோடு காணிக் கதை கதைக்க யாராவது இருக்கிறார்களா?

உங்கள் இரண்டாவது திவசம் போன கிழமை முடிந்தது. கத்தரிக்காயும் வாழைக்காயும் எங்கள் தோட்டத்துக் காய்தான். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகத்தை எடுத்து வாசித்தேன். அதில் உங்களைப் பொறுமைக்குப் பேர்போனவர் என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் உங்களோடு ஒரு நாளும் வேலி அடைத்திருக்க மாட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகையும் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வேலியை நான் உள்ளே எடுத்துவிட்டேன். றோட்டில் இருந்து வீட்டுக்கு வருகிற ஒழுங்கைப் பக்கத்து வேலி முழுவதையும், எங்கள் வளவுக்குள் இரண்டு முழம். கோபிக்கத்தான் போகிறீர்கள், தெரியும். முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபியுங்கள்.

மிசின் வாங்கின நாள் நினைவிருக்கிறதா? வன்னியில் ஒருவரிடம் பார்த்துப் பேசி, அந்தச் சிவப்பு நாலு சில்லு உழவு மிசினை நீங்களே ஓட்டிக்கொண்டு வந்தீர்கள். அது நிற்பதற்குப் பின்வளவில் கொட்டில் போட்டு, நிலத்துக்குச் சீமெந்தும் இழுத்து முடித்திருந்தீர்கள். எங்கள் குசினிக்கே அப்போது சாணி மெழுகின நிலம்தான். கொடிகாமம் சந்தையடியில் நிறுத்தி, சில்லுக்கு வைக்கத் தேசிக்காய் வாங்கிக்கொண்டு எனக்குப் போன் எடுத்தீர்கள்.

"இஞ்சாரும், படலையை அகலத் திறந்து வையும். நாங்கள் வாறம்."

நாங்கள் என்றது உங்களையும் மிசினையும். நான் படலையைத் திறந்து, தட்டில் கற்பூரமும் தேங்காயும் வைத்துக்கொண்டு நின்றேன். பார்த்தால் நீங்கள் தனியாக நடந்து வருகிறீர்கள்.

"மிசின் எங்கை?"

"றோட்டிலை நிக்குது."

"ஏன்?"

"ஒழுங்கை அகலம் காணாது."

கொட்டிலை அளந்தீர்கள், கூரையை அளந்தீர்கள். வன்னிக்காரரிடம் போனில் கேட்டு மிசினின் உயரத்தைக்கூட எழுதி வைத்தீர்கள். ஒழுங்கையை மட்டும் அளக்கவில்லை. உங்கள் அப்பு காலத்தில் மாட்டு வண்டில் போய் வந்த ஒழுங்கை. வண்டில் வந்தால் மிசினும் வரும் என்று நம்பிவிட்டீர்கள். அதற்குப் பிறகு எத்தனை தரம் வேலி அடைத்தோம்? வேலியில் உக்கி உளுத்த கதியால் தடியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கதியாலை அதே குழியில் நட்டோமா? ஒரு விரல் வெளியே தள்ளித்தான் நட்டோம். உள்ளே நட்டால் காணி போய்விடும் என்று பயம். நாங்களும் அப்படி, எதிர்ப்பக்கத்து நல்லதம்பி அண்ணையும் அப்படி. இரண்டு பக்கமும் விரல் விரலாகத் தின்று, கடைசியில் ஒரு சைக்கிள் வந்தால் மாடு ஒதுங்க இடமில்லாத ஒழுங்கையாக அது மெலிந்து போயிருந்தது.

அன்றைக்கே நல்லதம்பி அண்ணையிடம் போனீர்கள். "உங்கடை வேலி ஒழுங்கைக்குள்ளை வந்திட்டுது" என்றீர்கள். "முதல்ல போய் உன்ரை கொப்பர் நட்ட கதியாலைப் பார்" என்றார் அவர். தகப்பனை இழுத்த பிறகு உங்களுக்குக் காது கேட்குமா? ஆளுக்கு ஒரு முழம் விட்டிருந்தால் தீர்ந்திருக்கும். நீங்கள் விடவில்லை, அவரும் விடவில்லை. அதோடு இரண்டு பேருக்கும் கதை பேச்சில்லை.

மிசினைக் கொண்டுபோய் றோட்டுக்கரையில் உங்கள் சித்தப்பாவின் மகன் குலத்தின் வெறும் வளவில் விட்டீர்கள். குலம் கனடாவில் இருந்தபடியால் அவனுக்கு அது பெரிய விஷயமில்லை. எங்கள் கொட்டிலில் ஆடு கட்டினோம். நீர்வேலி ஊரிலேயே சீமெந்து நிலத்தில் படுத்த ஆடுகள் எங்கள் ஆடுகள்தான்.

ஆனால் ஒன்று. மிசின் வைத்திருக்கிறவர் ஊரில் யாரோடும் முழுசாகக் கோபிக்க முடியாது. மழைக்கு முதல் எல்லோருக்கும் உழவு வேண்டும். நல்லதம்பி அண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, நீங்கள் எனக்குப் பக்கத்தில் நிற்க நிற்க, என்னிடம் கேட்பார்.

"பிள்ளை, வாழைக் காணிக்கு மிசின் எப்ப வருமாம்?"

"நாளைக்கு விடிய வரும் எண்டு சொல்லும்" என்பீர்கள் நீங்கள்.

"நாளைக்கு விடிய வருமாம் அண்ணை" என்பேன் நான். இரண்டு பேருக்கும் செவிடு என்று புதிதாய் வந்தவர்கள் நினைத்திருப்பார்கள். மற்றக் காணிகளை ஒரு தரம் உழுதால், அவருடைய காணியைக் கேட்காமலே குறுக்காகவும் ஒரு தரம் உழுதுவிட்டு வருவீர்கள். பகையாளி குறை சொல்லக் கூடாதாம். கூலியை அவர் என் கையில் தருவார், நான் உங்கள் கையில் தருவேன். எனக்கு உங்கள் இருவரையும் பார்த்தால் கோபமும் வரும், பாவமாகவும் இருக்கும்.

நீங்கள் போனபோது நடந்ததை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நெஞ்சுக்குள் நோகுது என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முதலே எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் பாடையைத் தூக்கினார்கள். நாங்கள் பெண்கள் படலையோடு நின்றுவிட்டோம். ஒழுங்கை வளைகிற முடக்கு மட்டும்தான் அங்கிருந்து தெரியும். அந்த முடக்கில் பாடை திரும்பவில்லை. சரித்துப் பார்த்தார்கள், உயர்த்திப் பார்த்தார்கள். "கொஞ்சம் பொறுங்கோ" என்று ஒரு சத்தம். நல்லதம்பி அண்ணை கத்தியோடு வந்தார். தன்னுடைய வேலியின் மூலையைத் தானே வெட்டித் திறந்தார். நீங்கள் அவருடைய வளவுக்குள்ளால்தான் போனீர்கள். அதுதான் நான் உங்களைக் கடைசியாகப் பார்த்தது.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த கையோடு அந்த மூலையைத் திரும்ப அடைத்துவிட்டார். எனக்கு அது பெரிய மனவருத்தம்.

அதற்குப் பிறகு மிசினை நான்தான் பார்க்கிறேன். ஓட்டுவது கோப்பாய் சீலன்; உங்களோடு மிசினுக்குப் பின்னால் கொழுவுகிற பெட்டிக்கு மண் ஏற்ற வந்த அதே சீலன்தான், இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். கோப்பாய் வயலுக்கு முதலா, எங்கள் பக்கத்து வாழைக் காணிக்கு முதலா என்று முடிவு செய்கிறது நான். மழை இருட்டினால் ஒவ்வொருவருக்கும் தன் காணிதான் அவசரம். நீங்கள் சத்தம் போட்டுத் தீர்த்ததை நான் தேத்தண்ணி கொடுத்துத் தீர்க்கிறேன். எனக்குச் சோறு போடுவது அந்த மிசின். என்னைத் தேடி நாலு பேர் வருவதும் அதனால்தான். ஆனாலும் ஊரில் இன்றைக்கும் அதற்கு உங்கள் பெயர்தான், "துரையின்ரை மிசின்". நானும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனி மாதம் குலம் கனடாவில் இருந்து போன் எடுத்தான்.

"மச்சாள், குறை நினைக்காதையுங்கோ. உந்தக் காணியிலை மகளுக்கு வீடு கட்டப்போறம். ஆவணிக்கு முதல் சுத்தி மதில் எழும்பும். மிசினை எடுத்துவிடுங்கோ."

அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இவ்வளவு காலம் விட்டதே பெரிய உதவி. ஆனால் மிசினை எங்கே விடுவது? றோட்டில் விட்டால் பற்றரி ஒரு கிழமை தங்காது. கோயிலடியில் விடக் கேட்டேன், தேர் நிற்கிற இடம் என்றார்கள். சீலன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அக்கா, இதை வித்துப்போட்டு ரெண்டு சில்லு மிசின் ஒண்டு எடுப்பம். அது ஒழுங்கைக்குள்ளாலை சுகமா வரும்."

"அதாலை கோப்பாய் வயல் முழுக்க உழுது முடிக்கலாமோ?"

"முடிக்கேலாது."

"பெட்டி இழுக்குமோ?"

"சின்னப் பெட்டி இழுக்கும் அக்கா."

கொடிகாமத்தில் இருந்து ஒருவர் பார்க்க வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகக் கதைத்தார். ஏறி இருந்து ஸ்ராட் செய்தார். அந்தச் சத்தம் கேட்டவுடன் என் கால் குசினிப் பக்கம் திரும்பிவிட்டது. நீங்கள் காணியால் வருகிறீர்கள், கேத்தலை அடுப்பில் வைக்க வேண்டும் என்று. இரண்டு அடி நடந்த பிறகுதான் நினைவு வந்தது. அந்த இடத்திலேயே நின்று அழுதேன். எனக்கு விற்க மனமில்லை. இதை வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

சத்தம் கேட்டு நல்லதம்பி அண்ணையும் ஒழுங்கை வாசலுக்கு வந்துவிட்டார். இப்போது அவருக்கு முழங்கால் சரியில்லை, தடியோடுதான் நடக்கிறார்.

"பிள்ளை, மிசினை விக்கப்போறியோ?"

"விட இடமில்லை அண்ணை."

"அப்ப என்ரை வாழைக் காணியை ஆர் உழுறது?"

அதுவா இப்போது கவலை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களோடு இருந்து பழகின வாய்தானே. "அண்ணை, என்ரை வேலியை நான் நாளைக்கு உள்ளுக்கு எடுக்கிறன். உங்கடை வேலியிலை கை வைக்கச் சொல்லி நான் கேட்கேல்லை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. அவர் தடியை ஊன்றித் திரும்பிப் போனார். கொடிகாமத்துக்காரருக்குத் தேத்தண்ணி கொடுத்து, குறை நினைக்க வேண்டாம் என்று அனுப்பிவைத்தேன்.

உங்களிடம் கேட்காமல் செய்கிறேனே என்று இருந்தது. சாமி அறையில் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று பார்த்தேன். படத்திலும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஒரு விரல் மண்ணுக்காக மிசினை மற்றவன் வளவில் விட்டீர்களே, அந்த மண்ணில் ஒரு மிளகாய்க் கன்றாவது நட்டோமா? சொல்லுங்கள்.

விடிந்ததும் நானும் சீலனும் தொடங்கினோம். கதியால் எல்லாம் வேர் விட்டு மரமாகி நின்றன. மிசினில் சங்கிலி போட்டு ஒவ்வொன்றாக இழுக்க வேண்டியதாகப் போயிற்று. ஆமாம், உங்கள் வேலியை உங்கள் மிசினே பிடுங்கியது. மத்தியானத்துக்குள் ஒழுங்கை திறந்துவிட்டது. அப்பு காலத்து வண்டிலை மட்டுமில்லை, மாப்பிள்ளை ஊர்வலத்தையே விடலாம் போலிருந்தது. சீலன் மிசினை மெதுவாக உள்ளே விட்டான். முடக்கு வரைக்கும் வந்தது. அங்கே நின்றுவிட்டது. பெரிய சில்லு நல்லதம்பி அண்ணையின் மூலைக் கதியாலில் போய் முட்டியது. எங்கள் பக்கம் இனித் தள்ள இடமில்லை, கிணற்றுக்கட்டு.

சீலன் இறங்கி என்னைப் பார்த்தான். நான் கிணற்றைப் பார்த்தேன். அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் சரசரவென்று சத்தம். நல்லதம்பி அண்ணை. ஒரு கையில் தடி, மற்றக் கையில் அன்றைக்குக் கொண்டுவந்த அதே கத்தி. சீலன் வாங்கப் போனான், கொடுக்கவில்லை. தானே வெட்டினார். மூச்சு வாங்க வாங்க வெட்டினார்.

"அண்டைக்குத் துரை போகேக்கை வெட்டினனான்" என்றார். "திரும்ப அடைச்சிருக்கக் கூடாது பிள்ளை. ஏன் அடைச்சனான் எண்டு எனக்கே தெரியேல்லை."

உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே நோய்தானே.

பிறகு அவர் மிசினுக்கு முன்னால், தடியை ஊன்றிப் பின்பக்கமாக நடந்து, "வா, வா, நேரை வா" என்று ஒரு கையால் கூப்பிட்டார். நான் உள்ளே ஓடிப் படலையை அகலத் திறந்தேன். தட்டில் கற்பூரம், தேங்காய், சில்லுக்குத் தேசிக்காய், எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் யோசனை வந்தது. நல்ல காரியத்துக்கு நான் முன்னால் நிற்கலாமா? தட்டைச் சீலனிடம் நீட்டினேன்.

நல்லதம்பி அண்ணை பார்த்துவிட்டார். "அவனிட்டை ஏன் குடுக்கிறாய்? நீயே காட்டு பிள்ளை. உன்ரை மிசின்தானே."

நானே காட்டினேன். நீங்கள் போன முடக்கால் உங்கள் மிசின் வந்தது, இஞ்சாருங்கோ. அன்றைக்கு நாங்கள் வாறம் என்று சொன்னீர்கள். அது மட்டும்தான் வந்தது.

இப்போது கொட்டிலில் நிற்கிறது. ஆடுகளை முருங்கையடிக்கு மாற்றிவிட்டேன், அதுகளுக்கு என்னோடு கோபம். முதல் உழவு யாருக்கு என்று கேட்பீர்கள். நல்லதம்பி அண்ணைக்குத்தான். குறுக்காகவும் ஒரு தரம் உழச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். இப்போது உள்ளே தள்ளி நட்ட கதியால்கள் உக்கி அடுத்த தரம் வேலி அடைக்கிறபோது, நான் பக்கத்தில் நின்று பழைய குழியையே தோண்டுவித்து, அதற்குள்ளேயே புதுக் கதியாலை நடுவிப்பேன். ஒரு விரலும் வெளியே போக விடமாட்டேன். நான் இருக்கும்வரை அந்த ஒழுங்கை மெலியாது.

நீங்கள் "இஞ்சாரும்" என்று கூப்பிட்ட
உங்கள் மனுசி,
பவளம்