வான் மறந்துபோன எண்

நேற்று வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, எஞ்சின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. சாரதி ஏதோ ஒரு சின்னக் கருவியைச் செருகினார். பழுது என்னவென்று அதன் திரையில் எழுத்தில் வந்துவிட்டது. எனக்கு உங்கள் கராஜ் ஞாபகத்துக்கு வந்தது.

எங்களிடம் இருந்தது ஒரு துண்டுக் கம்பி. எஞ்சினுக்குப் பக்கத்துப் பெட்டியில் இரண்டு ஓட்டைகளை அதால் இணைத்துத் திறப்பைச் சாவித்துவாரத்தில் போட்டுத் திருப்பினால் அந்த விளக்கு மின்னும். இரண்டு தரம் மின்னி, கொஞ்சம் பொறுத்து ஒரு தரம் மின்னினால் பழுதின் எண் இருபத்தொன்று. எண் கிடைத்தால் எந்த வயர் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கண்ணில் படலம் விழுந்திருந்ததால் எண்ணுவது என் வேலை. மூன்றாம் வகுப்போடு நின்ற உங்கள் பெண்சாதி நான். "ஆறுதலாய் எண்ணும். தவறவிட்டால் அது திருப்பிச் சொல்லும்" என்பீர்கள். கராஜில் வேறு யாரையும் எண்ண விட்டதில்லை.

சண்டையால் கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் எங்கள் வான் ஓடும்போதே நின்று நின்று போனது. விளக்கும் எரிந்தது. விடிய எண்ணிப் பார்ப்போம், அதுவரை பற்றரியில் கை வைக்கவேண்டாம், கழற்றினால் வான் தன் வருத்தத்தையும் அதன் எண்ணையும் மறந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனீர்கள். அந்தப் பின்னேரம் பக்கத்து வீட்டுச் செல்லத்துரை வந்து, றேடியோவில் செய்தி கேட்க ஒரு மணித்தியாலம் பற்றரி கேட்டான். கொண்டு போ என்றேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் செய்தி கேட்டேன். நீங்கள் வரமுதல் திரும்பக் கொண்டுவந்து வானில் பூட்டிவிட்டான்.

விடியவே உங்களுக்கு நெஞ்சுநோ. செல்லத்துரைதான் ஓடிவந்து வானில் ஏறித் திறப்பைத் திருப்பினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. கதவடியில் சாய்ந்தபடி என்னைக் கம்பியைப் போடச் சொன்னீர்கள். விளக்கு நிற்காமல் ஒரே சீராக மின்னியது. ஒரு பழுதும் பதிவில் இல்லை என்று அர்த்தம்.

"என்ன சொல்லுது?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"பற்றரியை ஆர் கழட்டினது?"

"உவன்தான். என்னைக் கேளாமல் கழட்டிக்கொண்டு போனவன்."

ஸ்ரியறிங்கில் கை வைத்தபடி அவன் என்னைப் பார்த்தான். பிறகு திரும்பவும் திறப்பைத் திருப்பினான்.

"மடையா, இனி எந்த வயரெண்டு தேடுறது" என்று அவனை ஏசினீர்கள். அதன் பிறகு நீங்கள் கதைக்கவில்லை. அவனுடைய சைக்கிளில் உங்களை இருத்தி, இரண்டு பேருமாகத் தாங்கி ஆஸ்பத்திரிக்கு உருட்டினோம். சந்தி தாண்டவில்லை.

செத்தவீட்டுக்கு வந்தவனை வாசல் படலையில் மறித்துத் திருப்பி அனுப்பினேன். உங்கள் அண்ணை அவனுக்கு அடிக்கப் போனார். அப்போதும் நான்தான் கொடுத்தேன் என்று அவன் சொல்லவில்லை. இன்றுவரை அவனோடு நான் கதைப்பதில்லை. சனம் அதைக் கோபம் என்கிறது, நானும் அப்படியே விட்டுவிட்டேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு முகமில்லை என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

உங்கள் வாயிலிருந்து வந்த கடைசிச் சொல், அந்த ஏச்சு, எனக்கு வரவேண்டியது. அதையும் அவனுக்குக் கொடுத்துவிட்டேன்.