பத்தாவது பெண்

அக்டோபர் 14, 2025

என் செல்ல மகள் ஹில்தூருக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று சொல்லிவிடுவாய். அதனால்தான் கடிதம். குறுக்கே பேசாமல் கடைசிவரை படி.

இங்கே நாலு நாளாகக் காற்று ஓயவில்லை. முட்டிக்கு மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது, போடாவிட்டால் வலி வருகிறது. எது வந்தாலும் அலுப்புதான். நீ அங்கே ரேக்யவிக்கில், தலைநகர ஓட்டத்தில், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

என் கதையை வைத்து நீ எழுதிய தொலைக்காட்சித் தொடரை ஊரே பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவில் ஒரு கார் ஓடுவதில்லை. கடைக்குப் போனால் கல்லாவில் இருப்பவள், "வழி விடுங்கப்பா, தீசா வர்றாங்க!" என்கிறாள். உன் கதாநாயகியின் பெயரே எனக்குப் பட்டப்பெயராகிவிட்டது. எனக்குக் கூசுகிறது.

நாலாவது பகுதியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எழுபத்தைந்தாம் வருடம், நாட்டுப் பெண்களெல்லாம் ஒருநாள் வேலையை நிறுத்திய அந்த அக்டோபர் இருபத்துநாலு. மீன் ஆலையில் தீசா ஏப்ரனை அவிழ்த்து மேஜைமேல் எறிகிறாள். மற்ற பெண்களையும் அழைத்துக்கொண்டு வெளியே போகிறாள். அவள் புருஷன் வீட்டில் பிள்ளைகளுக்கு சாசேஜ் அவித்துப் போடுகிறான். உன் அப்பாவுக்கு வெந்நீர் வைக்கவே தெரியாது. செத்துப் பதினோரு வருடம் கழித்து அவரைச் சமைக்க வைத்துவிட்டாய், கெட்டிக்காரிதான்.

அன்று என்னோடு உட்கார்ந்து பார்த்தவள் குட்னி. ஞாயிறு தவறாமல் அப்பம் சுட்டுக்கொண்டு வருவாளே, அன்றும் தட்டை மடியில் வைத்துச் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஏப்ரன் காட்சி வந்ததும் அவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். "பொண்ணு நல்லாத்தான் நடிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு, தட்டைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். அதன்பிறகு மூன்று ஞாயிறு வரவில்லை.

ஹில்தூர், அந்த ஏப்ரனை எறிந்தவள் குட்னி. நான் இல்லை.

உன் அப்பாதான் அப்போது எங்களுக்கு மேற்பார்வையாளர். அன்று காலை வீட்டில் காபி குடிக்கும்போது, "ஊர்ல எவ வேணா போகட்டும். நீ போனா என் மானம் போயிடும், தோர்தீஸ்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு ஆலையில் குட்னி கதவருகே நின்று என்னைப் பார்த்து, "வாடி, காத்து வாங்கிட்டு வருவோம்" என்றாள். மற்றவர்கள் போனார்கள். நான் தலை குனிந்து, மீன் துண்டில் புழு பொறுக்கும் என் வேலையைச் செய்துகொண்டே நின்றேன். நாட்டில் பத்துக்கு ஒன்பது பெண்கள் வெளியே போனார்களாம். நான் அந்தப் பத்தாவது பெண்.

அடுத்த வாரமே அப்பா அவளை உப்பு மீன் கிடங்குக்கு மாற்றினார். இரண்டு குளிர்காலம் அங்கே கிடந்தாள். அந்த உப்பிலும் குளிரிலும் மடங்கிப்போன விரல்களை அவளால் இன்றும் நேராக நீட்ட முடியாது. நான் வீட்டில் அவருக்குச் சோறு போட்டேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு நீ பள்ளியிலிருந்து வந்து, "அம்மா, நீயும் போனியா?" என்று கேட்டாய். "போகாம?" என்றேன். உன் முகம் அப்படி மலர்ந்தது. அதன்பிறகு மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருஷா வருஷம் அந்தக் கதையில் ஏதாவது ஒன்றைச் சேர்த்தேன். நீ பொய் எழுதவில்லை, கண்ணே. நான் சொன்னதைத்தான் எழுதினாய்.

உன் தொடரில் எல்லாப் பெண்களும் தைரியமாக இருக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயந்தவள் ஒருத்தியைக்கூட நீ வைக்கவில்லையே, ஏன்?

நேற்று தட்டை எடுத்துக்கொண்டு குட்னி வீட்டுக்குப் போனேன். போன வருட இடுப்பு அறுவைக்குப் பிறகு அவளுக்கு வீட்டுக்குள் தடி, வெளியே போனால் சக்கர நாற்காலி. எங்களில் யார் முந்திப் போனாலும் மற்றவள் பத்திரிகைக்கு நினைவஞ்சலி எழுத வேண்டும் என்று எப்போதோ பேசி வைத்திருக்கிறோம். அதை நினைவுபடுத்தினாள். "நான் செத்தா எழுதப்போறவ நீதானே? அதுலயாவது என்னை வெளிய போக விடுடி" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஐம்பதாம் ஆண்டு என்று அடுத்த வாரம் இருபத்துநாலாம் தேதி வெள்ளிக்கிழமை நீ கேமராக்காரர்களோடு வருகிறாய். பழைய ஆலைக் கதவு வழியே நான் நடந்து வர வேண்டும் என்கிறாய். என்னால் முடியாது. வேண்டுமானால் இப்படி எடு. குட்னி நாற்காலியில் உட்காரட்டும், நான் பின்னால் நின்று தள்ளுகிறேன். முதலில் அவள் வெளியே வரட்டும். ஐம்பது வருடம் பிந்தி, அவள் பின்னாலேயே நானும் வந்துவிடுகிறேன்.

என்மேல் கோபம் இருந்தால் வந்து நேரில் திட்டு. வராமல் மட்டும் இருந்துவிடாதே. நல்லா இரு, கண்ணே. பயமில்லாமல் இரு.

உன் அம்மா,
தோர்தீஸ்