முகம் தெரியாத பதினெட்டுப் பேர்

ஆனையூர், மதுரை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

திவ்யா எழுதுவது. நானும் பாப்பாவும் உங்கள் அம்மாவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்கப் போவதில்லை. காரணம் கீழே வருகிறது.

லீவு முடிந்து அசீம் அண்ணன் நாளை மஸ்கட் திரும்புகிறார். செல்லூரில் அவர் வீட்டில் இட்லிப்பொடியையும் இந்தக் கடிதத்தையும் கொடுப்பேன். கடிதம் தருகிறேன் என்றதும், போன் இருக்கையில எதுக்கும்மா லெட்டரு என்று சிரித்தார். உங்களோடு ஒரே ரூமில் இருந்துகொண்டு அவரும் மறைத்திருக்கிறார். அவருக்கும் இருக்கிறது கச்சேரி.

போன வருஷம் இன்டர்நெட்டில் படம் பார்க்க, எழுத எனக்கு அக்கவுண்ட் தொடங்கிக் கொடுத்தபோது நீங்கள்தான் விளக்கினீர்கள். படம் போடுகிற இடத்தை ஒருத்தர் நடத்துகிறார், வெல்டர்கள் பேசுகிற இடத்தை வேறொருத்தர் நடத்துகிறார், ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஒரே பேர் போதும் என்று அம்புட்டுப் பெருமையாகச் சொன்னீர்கள். நான் உங்கள் கடற்கரைப் படங்களோடு நின்றுவிடுவேன் என்று நினைத்துவிட்டீர்கள். செவ்வாய்க்கிழமை போனில் ஒரு படத்துக்கு மேலே இருந்த உங்கள் பேரைத் தொட்டேன். எங்கெங்கோ நீங்கள் எழுதியதெல்லாம் வரிசையாக வந்தது.

வெல்டிங் பொறி இடது கண்ணில் பட்டு ஆறு வாரம் ஆச்சு, எழுத்தெல்லாம் கலங்கலாத்தான் தெரியுது, வீட்டுல சொல்லலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதினெட்டுப் பேர் பதில் போட்டிருக்கிறார்கள். முகம் தெரியாத அத்தனை பேருக்கும் தெரிந்தது, கட்டினவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை மச்சான். வீடியோவில் வராததற்குக் கேமரா ரிப்பேர் என்றீர்களே, கேமராவுக்கா ரிப்பேர்?

அங்கேயே நானும் பதில் எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன். உங்கள் தம்பி தவசி உங்களைப் பின்தொடராவிட்டாலும் என்னைப் பின்தொடர்கிறான். எனக்கும் ஒரே பேர்தானே, நான் எங்கே எழுதினாலும் அவனுக்குப் போய்விடும். அவன் வாயில் எதுவும் தங்காது. அத்தைக்கு ஏற்கெனவே சர்க்கரை ஏறிக் கிடக்கிறது.

வேலை போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். போனால் போகட்டும். மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? பார்த்துச் சரியான பிறகு காளவாசலில் அழகுபாண்டி அண்ணன் பட்டறை இருக்கிறது. என்னமும் பண்ணிக்கலாம். கிளம்பி வாருங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் எழுத்தைப் பெரிதாக்கி வாசித்துவிட்டு, நல்லாத் தெரியுதே என்பீர்கள். காகிதத்தில் அது நடக்காது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இதை மறுபடி முதலில் இருந்து வாசியுங்கள். எந்த வரியோடு நின்றீர்கள் என்று எனக்கு உண்மையைச் சொல்லுங்கள். முதல் வரியே தெரியவில்லை என்றாலும் சொல்லுங்கள்.

உங்கள்
திவ்யா