சின்ன ஜோடியும் ஐந்து பேரும்

ஜூன் 8, ஞாயிறு

வீட்டுக்குக் கீழே இவருடைய தையல்கடை. ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணி வெட்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து போக்கர் ஆடுவார்கள். பந்தயம் சட்டைப் பொத்தான்தான். இவர், நாத்தனார், பக்கத்து சலூன்காரர், இவருடைய மூத்த தாரத்து மகள். கல்யாணமாகி ஐந்து மாதம் கழித்து இன்று எனக்கும் ஒரு நாற்காலி.

ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாக இரண்டு திறக்கிறார்கள். பந்தயத்தை ஏத்தினாலும் ஒரு முறைக்கு இத்தனை பொத்தான்தான் என்று அளவு உண்டு. எனக்கு இரண்டும் நாலாம் நம்பர். ஜோடியாச்சே! கடைசிவரை விடவில்லை. சலூன்காரர் ஜோடி ராஜாவைக் காட்டி அத்தனையும் வாரிக்கொண்டார்.

மகள் தன் பொத்தானில் கொஞ்சம் என் பக்கம் தள்ளினாள். "வேணும்னா எடுத்துக்கோங்க சித்தி."

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஓட்டலில் பக்கத்து மேசைக்காரருக்கு உப்பை நகர்த்துகிற மரியாதை.

ஜூன் 11

இவரிடம் சொன்னேன். "நல்லாத்தானே பேசுறா?" என்கிறார். அதுதானே பிரச்சினை?

ஜூன் 15, ஞாயிறு

இன்று ஆறாம் நம்பர் ஜோடி. மறுபடி எல்லாம் போச்சு. பாத்திரம் துடைக்கும்போது மகளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் சித்தி, நடுவுல ராஜா, ராணின்னு திறந்து கெடக்கு, அத்தை ஏத்துறாங்க, நீங்க பாட்டுக்கு அந்த ஆறைக் கட்டிக்கிட்டு அழுவுறீங்களே!"

"ஜோடியாச்சேன்னு..."

"சின்ன ஜோடி தானா எங்க ஜெயிக்கும்? மூணாவது ஆறு வரணும். அது எட்டு தடவைக்கு ஒரு தடவை வந்தா பெருசு. ரெண்டு பேரோட ஆடினா கட்டாது. நாலஞ்சு பேர் உள்ள இருந்தா மட்டும் வெச்சுப் பாருங்க. வரலையா, யாராவது பொத்தான் வெச்சதுமே சீட்டைக் கவுத்துட்டு விலகிடுங்க. வந்துச்சுன்னா —" தட்டைக் கீழே வைத்துவிட்டாள் — "வந்துச்சுன்னா பதுங்காதீங்க. ஏத்துங்க! அத்தனை பேரும் கொட்டுவாங்க, விட்டதெல்லாம் திரும்பிடும்."

இந்த வீட்டில் அவள் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. முழுக்கத் திட்டு. படுத்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை.

ஜூன் 18

சாப்பிட்ட பிறகு சாப்பாட்டு மேசையில் பாடம். ஐந்து பேருக்கும் அவளே சீட்டுப் போட்டு, அவளே பேசுகிறாள். நாத்தனார் மாதிரி மூக்கால் "நான் ஏத்துவேன்!" என்றதும் எனக்குப் புரையேறிவிட்டது.

ஜூன் 20

எல்லாம் புரிந்துவிட்டது. சொல்லவில்லை. சொன்னால் நாளையே தன் அறைக்குள் போய்விடுவாளே? இன்றைய பாடத்தில் வேண்டுமென்றே ஒரு மூன்றாம் நம்பர் ஜோடியோடு கடைசிவரை தொங்கினேன். தலையில் அடித்துக்கொண்டாள். என்ன சுகம்!

ஜூன் 22, ஞாயிறு

நாத்தனாருக்குக் காய்ச்சல். ஆட்டம் இல்லை.

ஜூன் 26

பிடிபட்டேன்.

"உங்களுக்கு எப்பவோ புரிஞ்சிடுச்சுல்ல?"

"ம்... ஒரு வாரமாச்சு."

"அப்புறம் ஏன்?"

"நீ பேசிக்கிட்டிருந்தியே."

சீட்டை அடுக்கிவைத்தாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கெடுத்துட்டேனா? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல — எனக்கெதுக்கு இந்த வேஷமெல்லாம்?

ஜூன் 29, ஞாயிறு

மூன்று நாளாக அவள் "உம்", "சரி"யோடு சரி. இன்று ஆட்டத்துக்குப் போகவே தயக்கம். இவர்தான் இழுத்துக்கொண்டு போனார்.

எனக்கு ஐந்தாம் நம்பர் ஜோடி. அவள் முதலிலேயே ஏத்தினாள். யாரும் விடவில்லை; ஐந்து பேரும் உள்ளே. நானும் வைத்தேன். திறந்தார்கள்: பத்து, ஐந்து, இரண்டு.

மூன்றாவது ஐந்து! சலூன்காரர் வைத்தார். நான் ஏத்தினேன். "என்னம்மா, இன்னைக்குக் கை நீளுது?" என்று கேட்டுக்கொண்டே நாத்தனாரும் கொட்டினார். அவள் என் முகத்தைப் பார்த்தபடி மேலே ஏத்தினாள். நான்காவது சீட்டுக்கு மற்றவர்கள் கழன்றுகொள்ள, அவளும் நானும் மட்டும்.

விட்டுக்கொடுத்துவிடலாமா? ஏற்கெனவே கோபத்தில் இருக்கிற பெண். ஆனால் எத்தனை நாளைக்கு விருந்தாளி மாதிரி நடந்துகொள்வது? ஏத்தினேன். கடைசிச் சீட்டிலும் ஏத்தினேன்.

அவள் ஜோடி ராணியைப் போட்டாள். நான் இரண்டு ஐந்தையும் வைத்தேன்; நடுவில் கிடந்ததோடு மூன்று.

"அடிப்பாவி! அஞ்சை வெச்சுக்கிட்டா என்னை இந்த அடி அடிச்ச?"

"யாரைப் பார்த்து என்னடி பேசுற?" என்று நாத்தனார் அதட்டினார்.

"நீங்க சும்மா இருங்க அத்தை! நானே சொல்லிக்குடுத்து நானே மாட்டிக்கிட்டேன்!" மேசையைக் குத்திக் குத்திச் சிரித்தாள். பொத்தானெல்லாம் தரையில் உருண்டது.

'அடிச்சீங்க' இல்லை. 'அடிச்ச.'

படியேறும்போது சொன்னாள்: "அன்னைக்குக் கோவமெல்லாம் இல்ல. என்ன சொல்றதுன்னு தெரியல, அதான்."

ஜூலை 3

காலையிலிருந்து மழை. என் புதுக் குடையைக் காணோம். கேட்காமல் கொள்ளாமல் காலேஜுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "வரட்டும், கேக்குறேன்" என்றார் இவர். ஒன்றும் கேட்க வேண்டாம் என்றுவிட்டேன்.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது தெப்பலாக நனைந்திருந்தேன். எக்ஸ்ரே அறை வாசலில் நர்ஸ், "ஏன், வீட்டுல குடை இல்லையா?" என்றார்.

"பொண்ணு எடுத்துட்டுப் போயிட்டா" என்றேன்.