நான் நேராக்கிய பாட்டு

அன்பு நண்பா,

இன்று மாலை பேத்தி பள்ளி வேலைக்காக மாவுப் பசை காய்ச்சினாள். வெந்த மாவின் வாசனை கூடத்துக்கு வந்ததும் உன் லோரி ஞாபகம் வந்துவிட்டது. முன் இருக்கையில் கேசட் பெட்டி, காலடியில் பசை வாளி, இருக்கைக்குப் பின்னால் துணி சுற்றிய தப்பு மேளம். வாரமெல்லாம் கிள்ளான் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றுவாய். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் பாட்டை நீயே விற்பாய்.

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸ் சுவர்களில் நாம் இருவரும் உன் கேசட்டுக்குச் சுவரொட்டி ஒட்டுவோம். நீ ஒட்டியதெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பின்னாலேயே வந்து நான் நேராக்குவேன்.

“விடு வாத்தியாரே. நேரா இருந்தா எவனும் பாக்க மாட்டான். கோணலா இருந்தாத்தான், எந்த மடையன்டா ஒட்டுனதுன்னு நின்னு படிப்பான்” என்பாய்.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் கேசட் பரப்பி உட்கார்ந்திருந்தாய். ஒருவர் குனிந்து, “அண்ணே, சாமி பாட்டா?” என்று கேட்டார். “சாமி கும்பிட வந்தவங்க பாட்டு. பிடிக்கலன்னா என் லோரியத் தேடி வந்து திட்டிட்டுப் போங்கலா” என்றாய். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப்போனார்.

ஜெஞ்சாரோம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன் நீ. விடியுமுன் தோட்டத்து ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். அதை வைத்துப் புதிதாக ஒரு பாட்டுக் கட்டினாய். பல்லவி முடிவில் தப்பைச் சட்டென்று நிறுத்தி, ‘பெரட்டு’ என்று கூவுவாய். கேட்பவர்கள் ‘வந்தேன்’ என்று பதில் கொடுக்க வேண்டும். ஒரு கல்யாண வீட்டில் முதல் தடவை பாடியபோது, பந்தியில் இருந்தவர்கள்கூட இலையிலிருந்து கையெடுக்காமல் குரல் கொடுத்தார்கள்.

கேசட்டுக்குப் பதிவு செய்யுமுன், பிழை பார்க்கச் சொல்லி அந்தப் பாட்டை என்னிடம் தந்தாய். நான் ‘பெரட்டு’ என்பதை அடித்துவிட்டுக் ‘காலை’ என்று எழுதினேன்.

“இது தமிழே இல்லப்பா. வானொலியில எடுத்துக்க மாட்டாங்க.”

“அவங்களக் கேட்டியா?”

“இதப் போய்க் கேக்கணுமா? எனக்குத் தெரியாதா?”

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். “சரிலா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாய்.

வானொலியில் நான் யாரையும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்டதில்லை.

புதுக் கேசட் வெளியீட்டுக்காகக் கிள்ளானில் மண்டபம் எடுத்தாய். தோட்டத்து ஜனங்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பல்லவி முடிந்ததும் தப்பை நிறுத்தி, கையைத் தூக்கி, ‘காலை’ என்று கூவினாய். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தூக்கிய கையோடு நின்றாய். எனக்கு முன்னால் இருந்த ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், “என்னவாம்? காலையில வரணுமாமா?” என்று கேட்டார்.

வகுப்பில் தினமும் பெயர் கூப்பிட்டவன் நான். ‘முருகன்’ என்றால் ‘உள்ளேன் ஐயா’ என்று ஒரு பிள்ளை எழுந்து நிற்பான். ‘காலை’ என்று கூப்பிட்டால் எந்தப் பிள்ளை எழுந்து நிற்பான்? ஒரு வாத்தியாருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

நீ கோபப்படவில்லை. திரும்பும்போது லோரியில், “இன்னைக்கு எல்லாருக்கும் ஆப்சென்ட் போட்டுடு வாத்தியாரே” என்று சிரித்தாய். அதன்பின் அந்தப் பாட்டை நீ எந்த மேடையிலும் பாடவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வாயோ என்ற பயத்தில் நாளைக் கடத்தினேன். அதற்குள் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

சென்ற வாரம் பிரிக்பீல்ட்ஸில் சில இளைஞர்கள் அந்தப் பாட்டைப் பாடினார்கள். உன் கேசட்டைக் கேட்டுக் கற்றார்களாம். நிறுத்த வேண்டிய இடத்தில் சரியாக நிறுத்தி, ‘காலை’ என்றார்கள். மண்டபம் கை தட்டியது. பாடிய பெண் என்னிடம் வந்து, “சார், நீங்க அங்கிளோட ஃபிரெண்டாமே. தப்பில்லாமப் பாடினோமா?” என்று கேட்டாள்.

“ஒரு பிழையும் இல்லம்மா” என்றேன். கேசட்டில் உள்ளதை அவர்கள் அப்படியே பாடினார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் பாடுகிறார்கள். அந்தப் பெண் ஒரு சுவரொட்டியும் கொடுத்திருந்தாள். பேத்தி மீதம் வைத்த பசையை எடுத்துப்போய் வாசல் சுவரில் அதை ஒட்டிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். பாடிய அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். அவர்கள் தப்பை நிறுத்தும்போது நானும் எழுந்து நின்று, ‘பெரட்டு’ என்று கூவப் போகிறேன். வயதான குரல், பின்வரிசை வரை எட்டுமா தெரியாது. பதில் சொல்லத் தெரிந்தவர்கள் யாராவது வந்திருப்பார்களா என்பதும் தெரியாது.

சுவரொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பழக்கத்தில் கை நேராக்கப் போனது. இழுத்துக்கொண்டேன்.