பொத்தான் அளவு

ஜூன் 3
மாப்பிள்ளையின் தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கட்டி. பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலும் ஒன்று உருளுகிறது. தையல்காரன் கைக்கு எல்லாமே பொத்தான்தான். இது சட்டைப் பொத்தான் இல்லை, கோட்டுப் பொத்தான் அளவு.

சாப்பிட மட்டும் வீட்டுக்கு வருகிறான் என்று பூனைக்கு அந்தப் பெயரை வைத்தவள் அக்கா. அவளும் தொட்டுப் பார்த்தாள். "நெறி கட்டியிருக்குடா. எங்கயோ புண்ணு இருக்கும். அது ஆறினா இதுவும் கரைஞ்சிடும்."

புண் இருந்தது. ஏப்ரலில் தெருக் கடுவன் பூனை கழுத்தில் கடித்தது. ஆனால் அது ஆறி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதே?

ஜூன் 6
டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார். கடித்தால் பூனைக்குப் பூனை தொற்றுகிற வைரஸாம். மனிதருக்கு வராதாம். எதிர்ப்புச் சக்தியை மெல்ல மெல்ல அரிக்குமாம்.

"துரத்துறதுக்கு மருந்து இல்லைங்க. வெளிய விடாம பாத்துக்கிட்டா பல வருஷம் நல்லா இருப்பான்."

கடி வாங்கிய அன்றைக்கு ஜன்னலைத் திறந்தது நான்தான். கத்துறானேன்னு திறந்தேன். ஏன்டா திறந்தே?

ஜூலை 19
சட்டைப் பொத்தான்.

செப்டம்பர் 30
கரைந்தே போய்விட்டது! துழாவித் துழாவிப் பார்த்தேன். "நீ டாக்டராகியிருக்கலாம்" என்றேன் அக்காவிடம். "இப்பத்தான் தெரியுதா?" என்றாள். டாக்டரம்மா மட்டும் எங்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை. மாதாமாதம் எடை பார்க்கச் சொன்னார். நெறியே இல்லை, எடை என்ன எடை.

பிப்ரவரி 11
இந்த நோட்டைத் தொட்டு ஐந்து வருடம். எழுத ஒன்றுமில்லாத நல்ல வருடங்கள். ஜன்னல் மட்டும் மூடியே கிடக்கிறது.

மாப்பிள்ளை இளைக்கிறான். வாயில் நாற்றம். தட்டில் வைத்தது அப்படியே இருக்கிறது. தாடைக்கு அடியில் தடவினேன், ஒன்றுமில்லை. நெறி கட்டவில்லையே, அப்புறம் என்ன பயம்? வயதாகிறது, அவ்வளவுதான்.

மார்ச் 5
மூன்று வாரம் சும்மா இருந்திருக்கிறேன். முட்டாள்.

வாய் முழுக்கப் புண். "இத்தனை புண்ணுக்கு நெறி கட்டியிருக்கணுமே டாக்டர்?" என்று கேட்டேன். அவர் என் விரலைப் பிடித்துத் தாடைக்கு அடியில் அழுத்தினார். அரிசி அளவு. அதுவும் தேடினால்தான்.

"நெறி கட்டுச்சுன்னா உடம்பு சண்டை போடுதுன்னு அர்த்தம். அந்த வைரஸ் நெறிக்குள்ளயே இருந்து எல்லாத்தையும் காலி பண்ணிடுச்சு. இப்ப சண்டை போட அங்க ஆளே இல்லைங்க."

கட்டி இருந்தபோது அழுதேன். இல்லாதபோது நிம்மதியாகத் தூங்கினேன்.

மார்ச் 9
ஒன்றே ஒன்று, சட்டைப் பொத்தான் அளவுக்காவது, கையில் தட்டுப்படாதா என்று காலையிலிருந்து தடவிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சுகிறேன் என்று நினைத்து அவன் தாடையைத் தூக்கிக் கொடுக்கிறான்.

மார்ச் 22
மாப்பிள்ளையின் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. ஜன்னல் திறந்திருக்கிறது. அக்காவும் மூடவில்லை, நானும் மூடவில்லை.