மாங்கேணியில் ஓடியவளைப் படமெடுத்தவருக்கு

நானா,

சேவை நிறுத்தக் கடிதம் மேசையில் கிடக்கிறது. மூன்றே வரி. நேரலையில் தொலைக்காட்சியை அவமதித்துவிட்டேனாம். யார் யாரை அவமதித்தது என்பதை, எனக்கு அண்ணன் மாதிரி இருந்த உங்களிடமாவது சொல்லவேண்டும்.

மாங்கேணிப் பிள்ளையை நினைவிருக்கும். மீனவர் வீட்டுப் பிள்ளை. கடற்கரையில் வெறுங்காலோடு ஓடிப் பழகியவள். நாம் அவளைப் படமெடுக்கப் போன அன்று அவளுடைய தகப்பன் ஈரமணலில் மோட்டார் சைக்கிளை ஓட்ட, நீங்கள் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து கேமராவைப் பிடித்தீர்கள். ஒளிப்பதிவாளர் வாய் திறக்கக் கூடாது என்பதையும் மறந்து, "ஓடு புள்ள, உடாத, ஓடு!" என்று கத்தினீர்கள்.

போகும் வழியில் கேட்டிருந்தீர்கள்: "கிரிக்கெட் செய்திப் பக்கம் போனாப் பேரெடுக்கலாமே தங்கச்சி. ஏன் இப்பிடி ஊர் ஊராத் திரியுறீங்க?"

"பள்ளிக்கூட காலத்தில மாவட்டப் போட்டியில நான் முதலாவதா வந்தன் நானா. அடுத்த நாள் பேப்பர்ல ரெண்டாவதா வந்த பிள்ளைட பேரைப் போட்டிருந்தாங்க. என்ட பேரே இல்ல. அதுக்குப் பிறகு வீட்டில ஓட விடல்ல."

நீங்கள் சிரிக்கவில்லை. "அப்ப இந்தப் புள்ளய வடிவா எடுப்பம்" என்றீர்கள்.

எடுத்து முடித்து இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். கேட்டதற்கு, "ஒண்டுமில்ல, வாயு" என்றீர்கள். பதினோராம் நாள் ஏறாவூரில் உங்கள் ஜனாஸா நல்லடக்கம். பதினாறு வருடம் இந்தத் தொலைக்காட்சிக்காகக் கேமரா தூக்கியவர். நிரந்தர ஊழியர் இல்லை என்று அலுவலகத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாத உங்கள்மீதும், இழுத்துக்கொண்டு போகாத என்மீதும் எனக்கு இன்னும் கோபம்தான்.

அந்தப் படத்தை ஒளிபரப்பவும் இல்லை. "கடற்கரையில ஒரு பிள்ளை ஓடுறதை யார் பார்ப்பாங்க?" என்றார் விளையாட்டுப் பிரிவுத் தலைவர். இரண்டு வருடம் கிடப்பில் கிடந்தது. போன மாதம் அவள் வெளிநாட்டில் பதக்கம் வென்றதும் தூசு தட்டி எடுத்தார்கள். 'நாங்கள் கண்டெடுத்த முத்து' என்று விளம்பரம் வேறு. உங்கள் குரலை இசையால் மூடி, ஒளிப்பதிவு என்று இன்னொருவர் பெயரைப் போட்டார்கள்.

தலைவரைப் போனில் அழைத்துக் கேட்டேன். "அவர்தான் இப்ப இல்லையே. பேர் போட்டு என்ன ஆகப்போகுது?" என்றார்.

மாங்கேணி வரவேற்புக்கு நேரலை செய்ய என்னைத்தான் அனுப்பினார்கள். மாலையும் கழுத்துமாக நின்றவள், நான் வாய் திறக்குமுன் என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அண்டைக்கு என்னை எடுத்த நானா வரல்லையா?"

அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. "அடுத்த கேள்விக்குப் போங்க" என்று காதுக் கருவிக்குள் கொழும்புக் கலையகம் அதட்டியது. நான் போகவில்லை. உங்கள் பெயரைச் சொன்னேன். நீங்கள் மௌத்தானதை, அவர்கள் படத்தை முடக்கியதை, இப்போது வேறு பெயரில் காட்டுவதை எல்லாம் சொன்னேன். நாற்பது வினாடியில் இணைப்பைத் துண்டித்தார்கள். பிள்ளை என் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

மறுநாள் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி தேநீர் தந்துவிட்டுச் சொன்னார்: "அவர் எடுத்த படமெண்டு டீவில சொன்னது இதான் முதல் தரம். புள்ளைகள் ரெண்டும் எழும்பி நிண்டு பாத்த."

எனக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். இல்லை நானா. பதினாறு வருடத்தில் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது நாற்பது வினாடி. அதையும் நான் திருடித்தான் கொடுக்கவேண்டியிருந்தது. கோபத்தை ஆறவிடு என்கிறார்கள் எல்லோரும். விடமாட்டேன். வேறு வேலை கிடைக்கும். அங்கேயும் இந்தக் கோபத்தைக் கூட்டிக்கொண்டுதான் போவேன்.